'இன்டோன்': ஓதுவதா, முழங்குவதா?

கேள்வி: தாழைமலர்

ஓர் ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதை எழுதியவருக்கு ஒரு சொல்லின் மேல் தீராத ஆசை. ஐ-என்-டி-ஓ-என்-ஈ, 'இன்டோன்'. பாதிரியார் செபத்தை இன்டோன் செய்கிறார், அது போகட்டும். நீதிபதி தீர்ப்பை இன்டோன் செய்கிறார். விருந்து மண்டபத்தின் வாசலில் நிற்கும் பணியாள், வருகிறவர்களின் பெயர்களை இன்டோன் செய்கிறான். கதாநாயகியின் மாமனார் சாப்பாட்டு மேசையில் அறிவுரை சொல்லும்போதும் இதே சொல்தான்.

என்னிடம் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதி 'ஓது, இசைத்துக் கூறு, ஒரே குரலில் சொல்' என்கிறது. மாமனாருக்கு 'ஓதினார்' என்று போட்டால் அவர் மருமகளின் முன்னால் பதிகம் பாடுவதுபோல் இருக்கிறது. வேரைப் பார்த்தாலாவது தெளிவு பிறக்கும் என்று லத்தீன் அகராதியைப் புரட்டினேன். அங்கே 'இன்டோனாரே' என்றால் இடி இடித்தல், முழங்குதல் என்று போட்டிருக்கிறது. வானத்து இடி எப்படி ஒரே சுருதியில் முனகும் செபமாக மாறியது?

இதோடு விடவில்லை. இதன் பெயர்ச்சொல்லான 'இன்டொனேஷன்' பேச்சில் குரல் ஏறி இறங்குவதைக் குறிக்கிறது. வினைச்சொல்லோ ஏறாமல் இறங்காமல் சொல்வது. ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள் எதிரெதிர்த் திசையில் நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெய்தல்குரல்

இதற்கு லத்தீன் வரை போக வேண்டியதில்லை. 'டோன்' என்பதே நம் 'தொனி'. வடமொழியில் 'த்வனி'. அது கிரேக்கத்துக்குப் போய் 'டோனோஸ்' ஆகி, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியிருக்கிறது. ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று. இன்டோன் என்றால் தொனியோடு சொல்லுதல். அவ்வளவுதான்.

---

மெய்ப்புக்கிழவன்

அகராதிகளுக்கு மெய்ப்புத் திருத்தியே கண்ணாடியின் தடிமனைக் கூட்டிக்கொண்டவன் நான். ஓசையும் பொருளும் ஒத்திருக்கின்றன என்று யாராவது சொன்னால் உடனே சந்தேகப்படுவது என் தொழில் வியாதி. ஆகவே நெய்தல்குரல் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் பிறகு வருகிறேன், முதலில் இடி.

தாழைமலர் அம்மா, லத்தீனில் 'இன்டோனாரே' என்று ஒரே எழுத்தில் எழுதப்படும் வினைகள் இரண்டு. நீங்கள் பார்த்தது மூத்தது. 'டோனாரே', அதாவது இடித்தல், என்பதோடு 'இன்' என்ற முன்னொட்டு சேர்ந்து பிறந்தது. ரோமானியக் கவி வர்ஜில் தம் காவியத்தின் முதல் காண்டத்தில், கதாநாயகன் ஈனியஸின் கப்பல்களைப் புயல் சூழும் இடத்தில், 'இன்டோனுவேரே போலி' என்று பாடுகிறார். வானத்தின் முனைகள் இடித்து முழங்கின என்று பொருள். ஆங்கிலத்தில் இடிக்கு உள்ள 'தண்டர்', வடஐரோப்பியரின் இடிக்கடவுள் 'தோர்', வடமொழியில் இடியைச் சொல்லும் 'ஸ்தனயித்னு' எல்லாம் இந்தக் கிளை. வெடிக்கச் செய்வதைக் குறிக்கும் 'டெட்டொனேட்', திகைக்க வைப்பதைக் குறிக்கும் 'அஸ்டானிஷ்' இரண்டும் டோனாரே பெற்ற பிள்ளைகள்தாம். நம் 'இன்டோன்' இந்த வீட்டில் பிறக்கவில்லை.

இளைய 'இன்டோனாரே' இடைக்கால லத்தீனைச் சேர்ந்தது. அது 'டோனுஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து கிளைத்தது. டோனுஸ் என்பது கிரேக்கத்தின் 'டோனோஸ்'. அதன் முதல் பொருள் ஒலியே அல்ல. இழுத்துக் கட்டுதல், முறுக்கு. பிறகு இழுத்துக் கட்டிய நரம்பு. பிறகு அந்த நரம்பு எழுப்பும் சுருதி. நரம்பை முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். யாழோ வீணையோ கையில் எடுத்தவர் எவருக்கும் இந்தப் பொருள்மாற்றம் விளங்கும். அப்படியானால் 'இன்டோனாரே' என்பது குரலைச் சுருதிக்குள் கொண்டுவந்து நிறுத்துதல்.

இரண்டு வினைகளும் வேறு என்பதற்கு இறந்தகால வடிவமே சாட்சி. இடித்தது என்றால் 'இன்டோனுயிட்'. சுருதி பிடித்துப் பாடினார் என்றால் 'இன்டோனாவிட்'. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. லத்தீன் விவிலியத்தின் 17ஆம் சங்கீதத்தில், எபிரேய எண்ணிக்கையில் அது 18, 'ஆண்டவர் வானத்திலிருந்து இடியென முழங்கினார்' என்ற வரி வருகிறது. லத்தீனில் அந்த வரியின் வினைச்சொல் 'இன்டோனுயிட்'. உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமைக்குரிய காணிக்கைப் பாடல் இந்தச் சொல்லை வைத்துத்தான் தொடங்குகிறது. பாடலின் முதல் சொல்லைத் தனியாக எடுத்துக் கொடுக்கும் பாடகர், 'இன்டோனுயிட்' என்ற சொல்லை இன்டோன் செய்கிறார்! மூத்ததும் இளையதும் ஒரே வாயில் சந்திக்கும் இடம் இது.

இப்போது தொனி. வடமொழி 'த்வனி' ஒலித்தலைக் குறிக்கும் 'த்வன்' என்ற வேரிலிருந்து வருவது. அதற்கு ஆங்கிலத்தில் உறவுக்காரர் உண்டு. இரைச்சலைக் குறிக்கும் 'டின்' என்ற சிறு சொல். 'டோன்' அல்ல. 'டோனோஸ்' இழுத்தலைக் குறிக்கும் வேர். அந்த வேர் வடமொழியில் 'தன்' என்று இருக்கிறது. அதிலிருந்து வந்தவை தந்து, தந்திரி, தந்திரம். ஆகவே 'இன்டோன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடையே உறவு தேடினால், வீணையின் 'தந்தி'தான் அகப்படும். பள்ளிக் கணக்கில் வரும் 'ஹைபாட்டனியூஸ்', தசை இழுத்துக்கொள்ளும் 'டெட்டனஸ்' ஆகியவையும் இதே இழுப்பைச் சேர்ந்தவை. நெய்தல்குரல் அவர்களே, தமிழில் த, ட இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொனியும் டோனும் இரட்டையர்போலத்தான் தெரியும். முகச்சாயலை நம்பிப் பாகப்பிரிவினை செய்ய முடியாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் 'என்டியூன்' என்ற வடிவில். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு கன்னிமடத் தலைவி வருகிறாள். தெய்வ வழிபாட்டை மிக நன்றாகப் பாடுவாள் என்கிறார் சாசர். அடுத்த வரியிலேயே, அதை மூக்கில் இழைத்து மிக நேர்த்தியாக 'என்டியூன்' செய்வாள் என்று சேர்த்துவிடுகிறார். பாராட்டா கிண்டலா என்று சொல்ல முடியாதபடி எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். பிற்காலத்தில் லத்தீன் சாயலுக்காக எழுத்து மாறி 'இன்டோன்' ஆயிற்று. ஆனால் அந்த மூக்கு மாறவில்லை. 1728இல் முதலில் வெளிவந்த அலெக்சாண்டர் போப்பின் 'டன்சியட்' அங்கதக் காவியத்தில், இரண்டாம் காண்டத்தில், இன்டோன் செய்வது யார் தெரியுமா? கழுதைகள். ஒரு கழுதை இன்னொரு கழுதையை நோக்கி இன்டோன் செய்கிறது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது சண்டையாகவே ஆயிற்று. ஆங்கிலத் திருச்சபைக்குள் 1833இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் தாக்கத்தில் பழைய வழிபாட்டு முறைகள் திரும்பி வந்தபோது, செபத்தைப் பேச்சுக்குரலில் சொல்லாமல் சுருதி பிடித்து ஓதுவதும் ஊர்க் கோயில்களுக்குள் வந்தது. எதிர்த்தவர்கள் எதிர்த்தார்கள்: செபம் என்பது புரியும்படி சொல்ல வேண்டியது, இது என்ன ராகம் இழுப்பது என்று. 1857இல் வெளியான ஆன்டனி டிராலப்பின் 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் புதிதாக வந்த குரு ஒருவர் பேராலயத்தில் செய்யும் முதல் பிரசங்கமே இப்படி இசைத்து ஓதுவதைத் தாக்கித்தான். மொத்தக் குருக்கள் கூட்டமும் அவர்மேல் பாய்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆங்கில இலக்கியத்தில் இந்தச் சொல்லோடு ஒரு மெல்லிய நையாண்டி கூடவே வந்திருக்கிறது. அகராதி 'ஓது' என்று பயபக்தியோடு பொருள் தருகிறது. நாவலாசிரியர் அதே சொல்லை ஒரு மாமனாருக்குப் போடும்போது பக்தியோடு போடுவதில்லை. வேரைவிட இந்த வரலாறுதான் உங்கள் வேலைக்கு உதவும்.

---

தாழைமலர்

ஐயா, இடியையும் சுருதியையும் பிரித்துக் கொடுத்ததற்கு மிக்க நன்றி. மாமனாருக்கு அந்தக் கழுதை வரி எவ்வளவு பொருந்துகிறது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் 'இன்டொனேஷன்' எப்படி ஏற்ற இறக்கமாயிற்று என்பது இன்னும் பிடிபடவில்லை. சுருதிக்குள் குரலை நிறுத்துவது என்றால் அது அசையாமல்தானே நிற்க வேண்டும்?

---

மூன்றாம்வரிசை

இதற்கு நான் பதில் சொல்லலாமா? கத்தோலிக்க வழிபாட்டின் பழைய லத்தீன் பாட்டான கிரெகோரியன் இசை பாடும் குழு ஒன்றில் நெடுங்காலமாக நிற்கிறேன். என் இடம் மூன்றாம் வரிசை. தனியாகப் பாடும் தகுதி எனக்குக் கிடையாது என்று அதற்குப் பொருள். ஆகவே இன்டோன் செய்கிறவரின் முதுகை நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

விவிலியச் சங்கீதம் ஒன்றின் வரி எப்படிப் பாடப்படுகிறது என்று பாருங்கள். முதலில் இரண்டு மூன்று சுரங்களில் ஒரு சிறு ஏற்றம். அது போய் நிற்கும் இடம் ஒரு நிலைச்சுரம். வரியின் சொற்கள் எத்தனை இருந்தாலும், பத்தோ முப்பதோ, அந்த ஒரே சுரத்தில் ஓதப்படும். வரியின் நடுவில் ஒரு சிறு வளைவு, மூச்சு, மறுபடி நிலைச்சுரம், கடைசியில் ஒரு முடிப்பு. இந்த அமைப்பில் எட்டு மெட்டுகள் இருக்கின்றன. ஒன்பதாவதாக ஒரு வழிதவறிய மெட்டும் உண்டு. அதற்குப் பெயரே 'டோனுஸ் பெரெக்ரினுஸ்', அலையும் மெட்டு. மற்ற எட்டுக்கும் நிலைச்சுரம் ஒன்றுதான், இதற்கு இரண்டு. முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் அதற்கு ஒரு படி கீழே இன்னொன்று. புதிதாகச் சேருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் அது.

இதில் எதற்கு 'இன்டொனேஷன்' என்று பெயர்? அந்த முதல் சிறு ஏற்றத்துக்குத்தான். அசையாமல் நிற்கும் பகுதிக்கு அல்ல. தலைமைப் பாடகர் அதைத் தனியாகப் பாடிச் சுருதியை எடுத்துக் கொடுப்பார், குழு சேர்ந்துகொள்ளும். சாதாரணமாகச் சங்கீதத்தின் முதல் வரிக்கு மட்டும்தான் அந்த ஏற்றம். இரண்டாம் வரியிலிருந்து நேரே நிலைச்சுரத்தில் தொடங்கிவிடுவோம். மரியாளின் பாடலான 'மாக்னிஃபிகாட்' போன்றவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு வரியிலும் ஏற்றம் வரும். பாடல் புத்தகத்தில், தனிக்குரல் எங்கே முடிந்து குழு எங்கே சேர வேண்டும் என்பதை ஒரு நட்சத்திரக் குறி காட்டும். எங்களுக்கு அந்தக் குறி வேத வாக்கு. அதற்கு முன்னால் வாயைத் திறந்தால் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று வரும்.

திருப்பலியில் 'குளோரியா'வின் முதல் வரியைக் குரு இன்டோன் செய்வார். 'உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை' என்ற அளவுக்கு மட்டும். 'உலகிலே அமைதி' என்பதிலிருந்து பாடகர் குழு எடுத்துக்கொள்ளும். இதனால் ஒரு விசித்திரம் உண்டாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் பாலஸ்ட்ரினா, பைர்டு போன்றவர்கள் இசையமைத்த திருப்பலிகளில் குளோரியா அதன் இரண்டாம் அடியிலிருந்துதான் தொடங்கும். முதல் வரி எங்கே, அச்சில் விட்டுப்போயிற்றா என்று கேட்கத் தோன்றும். அது குருவுடைய பங்கு. அதற்கு இசையமைப்பாளர் தேவையில்லை. 'கிரெதோ' என்னும் விசுவாசப் பிரமாணத்துக்கும் இதே ஏற்பாடு.

ஆகவே பெயர்ச்சொல் தொடக்கத்து ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டது. வினைச்சொல் அதன்பின் வரும் நீண்ட சமநிலையைப் பிடித்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெயர்ச்சொல் கோயிலை விட்டு வெளியே வந்து, பேச்சில் குரல் ஏறி இறங்குவதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இசைக்காரர்கள் அதற்கு மூன்றாவது பொருள் ஒன்றும் வைத்திருக்கிறார்கள்: சுருதி பிசகாமல் பாடுவது. அந்தப் பொருளில் எங்கள் குழுவின் இன்டொனேஷன் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரே சுரத்தில் நீண்ட நேரம் ஓதுவது எளிது என்று பாடாதவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அங்கேதான் சுருதி யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கும். ஐந்தாவது வரியில் நாங்கள் தொடங்கிய இடத்தில் இருப்பதில்லை. எங்களுக்கு அது தெரிவதும் இல்லை, ஆர்கன் மறுபடி ஒலிக்கும் வரை.

ஏன் பேசாமல் இப்படி ஓத வேண்டும் என்று யாராவது கேட்டால்: ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் கல் கட்டடத்தில் பேச்சுக்குரல் எதிரொலியில் கரைந்துவிடும். ஒரே சுருதியில் நிறுத்திச் சொன்னால் கடைசித் தூண் வரை சொல் போய்ச் சேரும்.

---

சந்திவிகாரம்

நல்ல உரையாடல். ஒரு சிறு சேர்க்கை.

அசையாத சுருதியில் ஓதுவதற்கு வடமொழி இலக்கணம் எழுதிய பாணினி ஒரு கலைச்சொல்லே வைத்திருக்கிறார்: 'ஏகசுருதி'. அவருடைய நூலான அஷ்டாத்தியாயியின் முதல் அத்தியாயம், இரண்டாம் பாதத்தில், முதலில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்று மூன்று சுரங்களையும் வரையறுக்கிறார். உயர்ந்தது, தாழ்ந்தது, இரண்டும் கலந்தது. பிறகு சில இடங்களில் இந்த வேறுபாடே இல்லாமல் ஒரே சுருதியில் சொல்ல வேண்டும் என்கிறார். முதல் இடம், தொலைவில் இருப்பவரை விளிக்கும்போது. அடுத்தது, வேள்விச் சடங்கில் மந்திரம் சொல்லும்போது. செபம், சாமகானம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

தொலைவில் நிற்பவரைக் கூப்பிடுவதையும் சடங்கில் ஓதுவதையும் அடுத்தடுத்த சூத்திரங்களில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். மூன்றாம்வரிசை அவர்கள் கடைசித் தூணைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே ஆங்கில நூல்களில் வேத ஓதலை 'இன்டோன்' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். மூன்று சுரத்தில் ஓதுவது வேறு, ஏகசுருதி வேறு.

தமிழில் குரலின் ஏற்ற இறக்கத்துக்குச் சொல் தேடுகிறவர்கள் நன்னூலைத் திறந்தால் போதும். 'எடுத்தல் படுத்தல் நலிதல்' என்று அங்கே தயாராக இருக்கிறது.

---

நெய்தல்குரல்

த்வனி பற்றி மெய்ப்புக்கிழவன் ஐயா சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இருக்கட்டும். 'சான்ட்' என்றாலும் ஓதுதல்தானே? இன்டோனுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? 'இன்கேன்டேஷன்' என்று ஒன்றும் இருக்கிறது. இத்தனை சொற்கள் எதற்கு?

---

மெய்ப்புக்கிழவன்

மனம் வரும்போது வரட்டும், அவசரம் இல்லை.

'சான்ட்' முற்றிலும் வேறு குலம். லத்தீனில் பாடுதல் 'கனேரே'. அதை வலியுறுத்திச் சொல்லும் வடிவம் 'கன்டாரே'. பிரெஞ்சு வழியாக 'சான்ட்'. ஜெர்மன் மொழியில் சேவலுக்கு 'ஹான்' என்று பெயர். அதுவும் இந்த வேர்தான், விடியலில் பாடுகிறவன். ஆங்கிலத்தில் சேவலின் பெயர் வழக்கொழிந்துபோய், பாடாத பெட்டைக்கு மட்டும் 'ஹென்' என்று மிஞ்சியிருக்கிறது. அநியாயம்தான்.

'இன்கேன்டேஷன்' ஒன்றின்மேல் பாடுதல். அதாவது ஓர் ஆளின்மேலோ பொருளின்மேலோ மந்திரம் ஏவுதல். ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம் கி.மு. 451-450இல் எழுதப்பட்டது. அதில் 'தீய பாட்டை ஏவுகிறவன்' என்று ஒரு குற்றம் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எடுத்துக் காட்டுகிறார். அடுத்தவன் வயலின் விளைச்சலைப் பாட்டால் இழுத்துக்கொள்வதும் குற்றம்! அதற்கு 'எக்ஸ்கன்டாரே' என்று தனி வினைச்சொல் வைத்திருந்தார்கள். அந்தத் 'தீய பாட்டு' என்ற தொடரில் பாட்டுக்கு வரும் சொல் 'கார்மென்'. அதிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் 'சார்ம்'. இன்று பல்லைக் காட்டிச் சிரிப்பவனை எல்லாம் சார்மிங் என்கிறார்கள். 'என்சான்ட்' மயக்குவதும் இதே இன்கன்டாரேதான். எனவே ஏவல், மயக்கம், வசியம் என்று பொருள் வரும் இடமெல்லாம் கன்டாரே குலம்; டோனுஸ் குலத்தில் மாயம் கிடையாது, முறுக்கு மட்டும்தான்.

பயன்பாட்டில் வேறுபாடு இப்படி. 'சான்ட்' என்றால் தாளமும் திரும்பத் திரும்பச் சொல்வதும் இருக்கும். பெரும்பாலும் பலர் சேர்ந்து. விளையாட்டு அரங்கில் கூட்டம் வீரரின் பெயரை 'சான்ட்' செய்யும்; 'இன்டோன்' செய்யாது. இன்டோன் என்றால் பெரும்பாலும் தனிக்குரல், தாளம் இல்லை, கனம் உண்டு. 'கேன்டிலேஷன்' என்று இன்னொன்று. யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாசிக்கும்போது எழுத்துகளின் மேலும் கீழும் உள்ள குறிகளைப் பின்பற்றி மெட்டோடு வாசிப்பது. அது உங்கள் நாவலில் வராது என்று நம்புகிறேன்.

தாழைமலர் அம்மா, இனி உங்கள் ஆட்கள். பாதிரியாருக்கு 'இசைத்து ஓதினார்' போதும். நீதிபதிக்கு ஓதல் வேண்டாம்: 'ஏற்ற இறக்கமில்லாத குரலில் தீர்ப்பை வாசித்தார்'. வாசலில் பெயர் சொல்லும் பணியாளுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று காத்திருக்கிறது: 'கட்டியம் கூறினான்'. மாமனாருக்குத்தான் நிறைய வழி. 'நீட்டி முழக்கினார்' என்று போடலாம். யோசித்துப் பாருங்கள், நீட்டுவது கிரேக்கனின் டோனோஸ், முழக்குவது வர்ஜிலின் இடி. லத்தீனில் நாம் பாடுபட்டுப் பிரித்த இரண்டையும் தமிழ் ஒரே மூச்சில் சேர்த்து வைத்திருக்கிறது. நையாண்டி இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் 'திருவாய் மலர்ந்தருளினார்'. ஆனால் நாவல் முழுவதற்கும் ஒரு தடவை மட்டும். மற்ற இடங்களில் வெறும் 'சொன்னார்' என்று எழுதுங்கள். அந்த ஆசிரியரின் ஆசையை எல்லாம் தமிழ் வாசகர் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

---

தாழைமலர்

'கட்டியம்' நினைவுக்கே வரவில்லை; அருமை! ஒரே ஓர் ஐயம். பெரும்பாலும் தனிக்குரல் என்கிறீர்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வகுப்பறை முழுவதும் ஆசிரியையின் கேள்விக்கு ஒன்றாக 'இன்டோன்' செய்கிறது. அங்கே என்ன செய்வது?

---

மெய்ப்புக்கிழவன்

ஒப்பித்தார்கள்.